குதிகாலும் உப்பும்

ஓடுதல் என்ற வினைக்குத் தமிழில் எத்தனையோ பொருள்கள் உண்டு. ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது, 'ஏதோ குடும்பம் ஓடுது' என்று பெருமூச்சு விடுகிறோம். ஆனால் எங்கும் போய்ச்சேர வேண்டிய தேவையின்றி, எவரும் துரத்தாமல், பரிசு எதையும் எதிர்பாராமல் ஒரு மனிதன் விடிகாலையில் எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதைச் சுட்ட நம்மிடம் தனிச்சொல் இல்லை. ஓட்டப்பந்தயம் என்றால் எதிராளி வேண்டும். ஜாகிங் என்ற சொல்லில் பூங்காவும் தொப்பையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கள் ஊரில் இந்தச் சொற்பஞ்சத்தை ஒரு கேள்வியால் சரிக்கட்டினார்கள்: "என்ன அண்ணாச்சி, பஸ்ஸ விட்டுட்டியளா?"

ஆறுமுகநேரி, தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், ஆத்தூருக்கும் காயல்பட்டினத்துக்கும் இடையே இருக்கிறது. ஓடுகிறவனுக்கு இங்கே இரண்டு உலகங்கள். வடக்கே ஆத்தூர்ப் பக்கம் போனால் தாமிரபரணிப் பாசனம், வாழை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையின் கொடிக்கால்கள். கிழக்கே திரும்பினால் பச்சை என்பதே மறந்துபோகும்படி உப்பளம். மேடு பள்ளம் இல்லாத நிலம் என்பதால் ஓட எளிது என்று வெளியூர்க்காரர் நினைக்கக்கூடும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்றை அவர்கள் அறியமாட்டார்கள். மலையேற்றம் இல்லாத குறையை அந்தக் காற்று தீர்த்துவைக்கும்.

2021-ஆம் ஆண்டு, கொரோனாவின் இரண்டாம் அலை தணிந்த பிறகு, என் நாற்பத்தாறாவது வயதில் ஓடத் தொடங்கினேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்னதுதான் உடனடிக் காரணம். முதல் நாள் இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே ஓடி, அடுத்த இரண்டு கம்பங்களுக்கு இடையே நடந்தேன். ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி, தூரம், நேரம் என்று மூன்று பத்திகள் போட்டு எழுதி வந்தேன். நான்காவது மாதம் ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் கடக்க 42 நிமிடங்கள் ஆயின. அடுத்த ஆண்டு அதே தூரம் 33 நிமிடம். 2023 ஆவணியில் திருச்செந்தூர் வரை போய்த் திரும்பி, அரை மராத்தானுக்குரிய 21.1 கிலோமீட்டரை 2 மணி 34 நிமிடத்தில் முடித்தேன். உலகத் தரத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் நடுவயதில் ஒரு மனிதனுக்கு ஏதோ ஒன்றில் முன்னேற்றம் வருவது எவ்வளவு அபூர்வம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அலுவலகத்திலும் வீட்டிலும் எண்கள் எல்லாம் என்னைக் கணக்குக் கேட்பவை. இந்த நோட்டில் இருந்த எண்கள் மட்டும் எனக்குச் சாதகமாக நகர்ந்தன.

விடிகாலையில் நான் மட்டும் விழித்திருப்பதில்லை. வெயில் ஏறுவதற்குள் வேலையின் பெரும்பகுதியை முடித்தாக வேண்டும் என்பதால் உப்பளத் தொழிலாளர்கள் இருட்டிலேயே புறப்பட்டுவிடுவார்கள். பெண்களே அதிகம். தூக்குச்சட்டியும் தலைத்துணியுமாக அவர்கள் அளத்துக்கு நடக்க, ஆறாயிரம் ரூபாய்க் காலணியோடு நான் அவர்களைக் கடந்து ஓடுவேன். உழைப்பில் உடம்பு தேய்கிறவர்களுக்கு நடுவே, தேயாத உடம்பைத் தேய்ப்பதற்காகவே ஒருவன் ஓடுவது எனக்கு எப்போதும் கூச்சமாகவே இருந்தது. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் அப்பா நாற்பது ஆண்டுகள் அளத்தில் வேலை பார்த்தவர்.

உப்பளத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு வெண்குவியல்கள்தான் தெரியும். அதற்கு முன்னால் கால்களின் வேலை இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் சேறாகக் கிடக்கும் பாத்தியைக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்க வேண்டும். பிறகு நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் வற்ற வைக்க வேண்டும். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ மூன்று டிகிரி. இருபத்தைந்து டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்கும். அதன் பின் காய்ச்சிய உப்புநீரில் நின்றபடி வாருபலகையால் வாரிக் குவிக்க வேண்டும். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலைப் படித்தவர்களுக்கு இந்த உலகம் புதிதல்ல. நான் அதைப் படித்தது கல்லூரியில். அதற்கு வெகுமுன்பே அப்பாவின் பாதங்களைப் படித்திருந்தேன். வெடித்து, தடித்து, ஆணி குத்தினாலும் உடனே உணராத பாதங்கள் அவை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை எங்கள் பகுதியின் நினைவில் தனி அத்தியாயம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. ஓர் ஆண்டு முழுவதற்கும் உரிய மழையை விட அது அதிகம். சாலைகள் அறுந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. குவித்து வைத்திருந்த உப்பு வந்த வழியே கரைந்து போயிற்று. என் நோட்டில் ஏழு வாரங்கள் வெறுமையாக இருக்கின்றன. ஊரே சேறு அள்ளிக்கொண்டிருந்தபோது ஓட்டத்தைப் பற்றி நினைக்கவும் தோன்றவில்லை. பிப்ரவரியில் மீண்டும் மின்கம்பக் கணக்கிலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டினேன்.

ஜூன் மாதம் ஒரு காலை, கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தபோது இடது குதிகாலுக்குச் சற்று மேலே கம்பியைச் செருகியதுபோல் வலித்தது. பத்தடி நடந்ததும் குறைந்தது. ஓடும்போது கிட்டத்தட்ட மறைந்தேவிட்டது. மறுநாள் காலை இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் நாணில் ஏற்படும் கோளாறு இது. உடம்பிலேயே மிகத் தடித்த நாண் அதுதான். ஓடும்போது உடல் எடையைப் போல் ஆறிலிருந்து எட்டு மடங்கு வரை சுமையை அது ஒவ்வோர் அடியிலும் தாங்குகிறது.

காரணம் தேடுவது மனித இயல்பு. காலணி பழையதல்ல. சாலை அதே சாலை. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்பது ஓட்டக்காரர்களிடையே வேதவாக்கு. அதையும் கடைப்பிடித்தே வந்திருந்தேன். பிறகு தெரிந்துகொண்டேன்: நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அந்தப் பத்து சதவீத விதிப்படி 13 வாரப் பயிற்சியும், மற்றவர்களுக்கு 8 வார வழக்கமான பயிற்சியும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளியாகியிருக்கிறது. இரு பிரிவிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம். விதி யாரையும் கூடுதலாகக் காப்பாற்றவில்லை. உண்மையில் எனக்கு இது ஆறுதலாக இருந்தது. எல்லாக் காயத்துக்கும் பின்னால் ஒரு குற்றவாளி இருந்தாக வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விடுதலை.

ஊர் வைத்தியங்களுக்குக் குறைவில்லை. ஒத்தடம், உருவல், எண்ணெய். நண்பர் ஒருவர் பனிக்கட்டி வைக்கச் சொன்னார். ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மெர்கினே, பல்லாண்டுகள் கழித்து, பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதிவிட்டார். தூத்துக்குடியில் நான் பார்த்த இயன்முறை மருத்துவர் வேறு வழி சொன்னார். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டியபடி பதினைந்து முறை வீதம் மூன்று சுற்று. மடக்கியபடி மூன்று சுற்று. காலையும் மாலையும். பன்னிரண்டு வாரம். நாளுக்கு 180 முறை. மொத்தம் 15,120.

இந்தப் பயிற்சிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்கே இந்த வலி இருந்தது. அறுவை செய்துகொள்ள விரும்பினார். அதற்கு வேலையிலிருந்து விடுப்பு வேண்டும், மேலதிகாரி இசையவில்லை. நாணே அறுந்துவிட்டால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்ற எண்ணத்தில், வலியைப் பொருட்படுத்தாமல் குதிகாலைச் சுமையேற்றி இறக்கத் தொடங்கினார். நாண் அறவில்லை, வலிதான் போய்விட்டது. பின்னர் பொழுதுபோக்காக விளையாடும் பதினைந்து பேரை வைத்துச் செய்த ஆய்வை 1998-இல் வெளியிட்டார். உடைப்பதற்காகக் கொடுத்த சுமை, ஆற்றும் சுமையாயிற்று. எல்லோருக்கும் அது பலிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் நாண் ஓய்வினால் வலுப்பெறுவதில்லை, தாங்கக்கூடிய சுமையினால்தான் வலுப்பெறுகிறது என்ற புரிதல் இன்று ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது.

எங்கள் வீட்டுத் திண்ணைப் படியில்தான் பயிற்சி. இரண்டாம் நாளே, சாய்வு நாற்காலியிலிருந்து அப்பா, "எண்ணிக்கைய விட்டுட்டு நிக்கியே. நான் எண்ணுதேன், நீ எறக்கு" என்றார். எழுபத்தாறு வயது. அளத்தில் உப்பு மூட்டைக்குக் கணக்கு வைத்த குரல் அது. ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் எண்ணினார். முதல் மூன்று வாரம் எந்த மாற்றமும் இல்லை. எனக்குச் சலிப்பு. ஒருநாள் சொன்னார்: "மூணு டிகிரித் தண்ணிய இன்னைக்கு விட்டுட்டு நாளைக்கு உப்பு எங்கன்னு கேப்பாவளா? வெயிலு காயணும். தண்ணி நவுரணும். அதுபாட்டுக்கு வரும்." இருபத்தைந்து டிகிரியை எட்டும்வரை பாத்தியின் மேற்பரப்பில் எதுவும் நிகழ்வதாகத் தெரியாது. அதற்காக எதுவும் நிகழவில்லை என்று பொருளல்ல.

காயத்திலிருந்து மீண்டவர்களின் கதைகள் நமக்குப் பிடித்தமானவை. சாலை விபத்தில் காலில் கடுங்காயமுற்ற மா. சுப்பிரமணியன் பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்கள் ஓடியதைத் தமிழகம் அறியும். மனைவியையும் மகனையும் இழந்த துயரத்துக்குப் பின் முதுமையில் ஓடத் தொடங்கிய ஃபௌஜா சிங், 2011-இல் டொராண்டோவில் தமது நூறாம் வயதில் முழு மராத்தானை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. 2025 ஜூலையில் பஞ்சாபில் தம் ஊரருகே வாகனம் மோதி இறந்தார். இக்கதைகளில் வீழ்ச்சி ஒரு வரியிலும் எழுச்சி ஒரு வரியிலும் வந்துவிடுகின்றன. நடுவே திண்ணைப் படியில் நின்ற 15,120 முறைகளை எவரும் சொல்வதில்லை. புராணங்களும் அப்படித்தான். கிரேக்க வீரன் அக்கிலீஸ் குதிகாலில் அம்பு பட்டு மாண்டான். நம் கண்ணனும் வேடன் ஜராவின் அம்பு பாதத்தில் தைத்து உலகை விட்டான். குதிகாலில் அடிபட்டவன் மறுநாள் எழுந்து என்ன செய்தான் என்பதற்குக் காவியத்தில் இடமில்லை.

ஏழாவது வாரம் மீண்டும் ஓட அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை அளவிட்டுக் குறிக்க வேண்டும். ஐந்து வரை போகலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் தணிந்துவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறக் கூடாது. ஆகவே நோட்டில் நான்காவது பத்தி ஒன்றைப் போட்டேன். தினமும் அப்பா கேட்பார்: "இன்னைக்கு எத்தன?" நான்கு என்பேன். மூன்று என்பேன். அவரே எழுதி வைப்பார்.

ஒருநாள் அவர் நாற்காலியிலிருந்து எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றதைப் பார்த்துவிட்டு, விளையாட்டாக, "உங்களுக்கு எத்தனப்பா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் யோசித்தார். "எட்டு இருக்கும்" என்றார். பிறகு, "இத்தன வருசத்துல இத யாருல கேட்டா?" என்றார்.

நாற்பது ஆண்டுகள் உப்புநீரில் நின்ற ஒரு மனிதரின் வலிக்கு எண் கிடையாது. அவர் வாரிய உப்புக்கு எண் இருந்தது, மூட்டைக்கு எண் இருந்தது, கூலிக்கு எண் இருந்தது. அந்த வலியை அளக்க வேண்டிய ஒன்றாக அளத்தில் எவரும் கருதவில்லை. வீட்டிலும் கருதவில்லை, அவருக்கே அது தோன்றியிருக்காது. பொழுதுபோக்காக ஓடுகிறவனின் காயத்துக்குச் சிறப்பு மருத்துவமும் ஆய்வுக் கட்டுரைகளும் பன்னிரண்டு வாரத் திட்டமும் உள்ளன. உழைப்பில் விளைந்த காயத்துக்கு 'வயசாயிட்டு' என்ற ஒரே சொல். என் கூச்சத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று அன்று விளங்கியது. நான் ஓடியதில் பிழையில்லை. உடம்பைக் கவனிப்பது ஓட்டக்காரனுக்கு உரிய சலுகையாக நின்றுவிட்டதே, அதுதான் உறுத்தியது.

அந்த வாரமே அப்பாவை அதே இயன்முறை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மூட்டுத் தேய்மானம். நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, பத்து முறை வீதம் மூன்று சுற்று. இப்போது நான் எண்ணுகிறேன். நோட்டில் அவருக்கென்று ஐந்தாவது பத்தி இருக்கிறது. எட்டாகத் தொடங்கியது சில மாதங்களில் ஐந்துக்கு வந்தது. மழை நாட்களில் ஆறுக்குப் போகும். அதற்குக் கீழே இன்னும் இறங்கவில்லை, இறங்காமலும் போகலாம்.

நான் இப்போது வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிறேன். ஐந்து கிலோமீட்டருக்கு 37 நிமிடம். பழைய 33-ஐ மீண்டும் தொடுவேனா என்பது எனக்கு முக்கியமான கேள்வியாகத்தான் இருக்கிறது. இல்லை என்று சொல்லித் துறவியாக வேடம் கட்ட விருப்பமில்லை. அளத்துச் சாலையில் எதிர்ப்படும் பெண்களில் ஒருவர், நான் முடங்கிக் கிடந்த காலத்தில் என்னைக் காணாததைக் கவனித்திருக்கிறார். போன மாதம் நிறுத்தி விசாரித்தார். குதிகால் வலி என்றேன். "எனக்கும் அங்ஙனதான் அண்ணாச்சி, ரெண்டு வருசமா" என்று பாதத்தைத் திருப்பிக் காட்டினார். சாலையோரக் கல்லில் ஏறி நின்று, குதிகாலை எப்படி இறக்குவது என்று காட்டினேன். விடிவதற்குள் அளத்துக்குப் போக வேண்டும் என்று அவர் அவசரப்பட்டார். பதினைந்து முறை என்பதை மட்டும் விரலில் எண்ணிக்கொண்டு போனார்.