அப்பாவின் மடக்குக் கத்தியும் ரஹாங் பெரியப்பாவும்

கோலாலம்பூர் சென்ட்ரலில் கமூட்டர் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் சிரம்பான். வெளியூர்க்காரர்கள் பெட்டி பெட்டியாகச் சியூ பாவ் வாங்கிக்கொண்டு திரும்பும் ஊர். எனக்கோ சிரம்பான் என்றால் ரஹாங். பட்டணத்தை ஒட்டிய அந்தப் பகுதியில்தான் பெரியப்பா இருக்கிறார்.

இந்த முறை பையின் அடியில், துண்டில் சுற்றி, அப்பாவின் மடக்குக் கத்தியை எடுத்துப் போனேன். நம் நாட்டில் தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். என்னிடம் காரணம் இருந்தது. கத்தி ஆடியது. அதைச் சரிசெய்ய வேண்டும்.

அப்பா காலமான பிறகு அம்மா என் கையில் கொடுத்த பொருள் அது. மரப்பிடி, இரு பக்கமும் பித்தளை. பூட்டு கிடையாது, முதுகுப் பக்கத்து வில் தகடுதான் அலகைப் பிடித்து நிறுத்தும். அப்பா அதில் பாக்கு நறுக்குவார், மாங்காய் சீவுவார், எங்கள் பென்சிலையும் சீவித் தருவார். போன மாதம் நான் மாங்காய் நறுக்கும்போது அலகு பக்கவாட்டில் சாய்ந்து கட்டை விரலைப் பதம் பார்த்துவிட்டது. கோபத்தில் கத்தியைத் தரையில் வைத்துப் பெரிய சுத்தியலால் நாலு போடு போட்டேன். ஆட்டம் நிற்கவில்லை. பித்தளையில் நாலு வடு விழுந்ததுதான் மிச்சம்.

பெரியப்பாவுக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. முப்பது வருடங்களுக்கு மேல் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறி, மரங்கள் சாய்ந்து, வீட்டுமனையான பிறகு ரஹாங்கில் குடியேறினார். கத்தியை வாங்கி, அலகின் நுனியை இரண்டு விரலால் பிடித்து இடம் வலமாக அசைத்தார். டக் டக் என்றது. வடுக்களைத் தடவிப் பார்த்தார். யார் அடித்தது என்று கேட்கவில்லை.

“ரஹாங் கழண்டு போச்சுய்யா” என்று சிரித்தார்.

மலாயில் ரஹாங் என்றால் தாடை. மடக்குக் கத்தியின் மூட்டும் ஒரு தாடைதான். ஓர் ஆணியைச் சுற்றித் திறக்கிறது, மூடுகிறது. வருடக்கணக்கில் திறந்து மூடும்போது ஆணி தேயும், ஓட்டை அகலும், இரண்டு பக்கத் தகடுகளும் சற்றே விலகும். அந்த இடைவெளிதான் ஆட்டம்.

“நீங்களே தட்டிக் குடுத்துடுங்க பெரியப்பா.”

அவர் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. “போன வருஷத்துலேர்ந்து இப்படித்தான். நான் சொல்றேன், நீ தட்டு.”

வீட்டுப் பின்புறம் ஒரு தண்டவாளத் துண்டு கிடந்தது. அதுதான் அவருடைய பட்டறைக் கல். இந்த வட்டாரத்துக்குத் தண்டவாளம் பழைய உறவு. சிரம்பான் பகுதிக்குப் பழைய பெயர் சுங்கை ஊஜோங். ஈயத்துக்காக ஆட்கள் கூடிய இடம். 1891இல் இங்கிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில்பாதை போட்டார்கள். பிறகு ரப்பர் வந்தது. தோட்டங்களை நிரப்ப நம் ஆட்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிய எங்கள் பாட்டியும் அதில் ஒருவர். பாட்டி கொண்டுவந்த இரும்புப் பாக்குவெட்டி இன்னும் பெரியப்பா வீட்டு அலமாரியில் இருக்கிறது.

அதைத்தான் முதலில் எடுத்து வந்தார். “மொதல்ல இதுல கை பழகு. பாட்டி கோவிச்சுக்க மாட்டாங்க.”

பாக்குவெட்டிக்கும் மூட்டில் ஓர் ஆணிதான். அதுவும் ஆடியது. ஆணியின் ஒரு தலையைத் தண்டவாளத்தின் மேல் சரியாக உட்கார வைத்தேன். மறு தலையை உருண்டைத் தலைச் சுத்தியலால் தட்டினேன். முதல் தட்டிலேயே அதட்டல்.

“பாம்பையா அடிக்கிற? மெதுவா. நடுவுல இல்ல, தலையோட ஓரத்துல. சுத்திச் சுத்தித் தட்டு.”

ஓரத்தில் தட்டத் தட்ட ஆணித் தலை காளான் குடைபோல விரிந்து, இரண்டு பக்கங்களையும் நெருக்கிப் பிடிக்கும். அவ்வளவுதான் சூத்திரம். நாலைந்து தட்டு, பிறகு நிறுத்தி அசைத்துப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டு மறுபக்கம் நாலைந்து. மறுபடி அசைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது சுற்றில் பெரியப்பா “போதும்” என்றார். எனக்கு இன்னும் கொஞ்சம் ஆடுவது போலிருந்தது. இன்னும் இரண்டு போட்டேன். பாக்குவெட்டி இறுகிப்போய்த் திறக்க மறுத்தது.

அவர் திட்டவில்லை. எண்ணெய் விட்டுத் திறந்து மூடச் சொன்னார். நூறு தடவையாவது இருக்கும். மெல்ல மெல்ல இளகியது. நான் திறந்து மூடிக்கொண்டிருக்க, அவர் பால் வெட்டிய கதையைச் சொன்னார்.

விடியும் முன்னே மரத்தடிக்குப் போய்விட வேண்டும். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். பட்டையில் ஒரு தடவைக்குச் சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். ஆழமும் அளவோடு இருக்க வேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே கத்தி நின்றுவிட வேண்டும். தாண்டினால் மரத்துக்குக் காயம். புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். பிற்காலத்தில் அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. மரத்தைக் காயப்படுத்தாமல் பால் எடுக்கும் இந்த முறையை 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி சோதித்துக் காட்டினார். அதை இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரே காலையில் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்து காட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிகள்.

“வெட்டத் தெரிஞ்சவன் நெறைய பேரு. நிறுத்தத் தெரிஞ்சவன்தான் மரவெட்டுக்காரன்” என்றார்.

பிறகுதான் அப்பாவின் கத்தி என் கைக்கு வந்தது. மூட்டில் பல வருட அழுக்கு. சவர்க்காரத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்தேன். கையைக் கிழிக்காமல் இருக்க அலகின் கூர்மேல் தடித்த டேப் ஒட்டினேன். காலிப் பானக் கேனிலிருந்து ஒரு சிறு தகடு வெட்டி, நடுவில் ஆணி நுழையப் பிளவு போட்டு, அலகுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் செருகினேன். தட்டி முடித்ததும் அந்தத் தகட்டை உருவிவிட்டால், அலகு உரசாமல் திரும்ப மயிரிழை இடம் மிஞ்சும்.

தட்டினேன். நிறுத்தினேன். அசைத்தேன். திருப்பினேன். பெரியப்பா கண்ணை மூடிக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். நாலாவது சுற்றில் “போதும்” என்றார். இம்முறை சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். தகட்டை உருவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திறந்தேன். அலகு வழுக்கிக்கொண்டு வந்து ‘டக்’கென்று நின்றது. அசைத்தேன். சத்தமில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். முதலில் ஆட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் ஆணி தளர்ந்திருக்கிறது; மேலே சொன்ன வைத்தியம் போதும். இன்றைய கத்திகள் பலவற்றில் ஆணிக்குப் பதில் திருகாணி இருக்கும். அதற்குச் சுத்தியலே வேண்டாம். அரைக்கால் சுற்று முடுக்கி, அசைத்துப் பார்த்து, தேவையானால் இன்னும் கொஞ்சம். அடிக்கடி தளர்ந்தால் திருகாணி மரையில் மட்டும் ஒரு சொட்டு மரைப்பசை விடலாம். பிரான்சின் ஒப்பினெல் போன்ற மரப்பிடிக் கத்திகள் நம் ஊர் ஈரக் காற்றில் உப்பி, ஆடுவதற்குப் பதிலாக இறுகிக்கொள்வதும் உண்டு. நன்றாகக் காயவிட்டால் பெரும்பாலும் இளகிவிடும். ஆனால் திறந்த அலகு மேலும் கீழுமாக ஆடினால், வில்லோ பூட்டோ தேய்ந்திருக்கலாம். அதைத் தட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் அதற்கு ஓய்வு கொடுங்கள். விரலைவிடக் கத்தி பெரிதல்ல.

பொழுது சாய்ந்தது. பெரியம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் கிளம்பத் தயாரானபோது பெரியப்பா உள்ளே போய், கைலி மடிப்பில் எதையோ வைத்துக்கொண்டு வந்தார். அவருடைய மடக்குக் கத்தி. வாங்கி அசைத்துப் பார்த்தேன். அப்பாவுடையதைவிட மோசமாக ஆடியது.

“ரொம்ப நாளாவே ஆடுதுய்யா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த ரயிலுக்குப் போய்க்கொள்ளலாம் என்று மறுபடி தண்டவாளத்தின் முன் உட்கார்ந்தேன். பெரியப்பா பக்கத்தில் முக்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று சுற்று தட்டினேன். அவர் வாய் திறக்குமுன் நானே நிறுத்தினேன்.

கத்தியை வாங்கித் திறந்து, நடுங்கும் விரல்களால் நுனியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

“போதும்” என்றார்.