உப்பு வேண்டாம், ஆப்ப சோடா போதும்

தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் பிரியும். 1800-ஆம் ஆண்டில், வோல்டா மின்கலம் செய்த செய்தி லண்டனுக்கு எட்டிய சில வாரங்களிலேயே நிக்கல்சனும் கார்லைலும் செய்து பார்த்தது இது. யோங் பெங்கில் படிவம் 2 படிக்கும் என் அக்கா மகளுக்கு இப்போது அதுதான் அறிவியல் திட்டம்.

சுத்தமான நீரில் மின்சாரம் லேசில் ஓடாது. எதையாவது கரைக்க வேண்டும்.

"சித்தி, உப்பு போட்டா நல்லா குமிழி வருமாம், வீடியோவுல காட்டுனாங்க" என்றாள்.

வரும்தான். ஆனால் உப்பு சோடியம் குளோரைடு. நேர்முனையில் ஆக்ஸிஜனோடு குளோரினும் கிளம்பும். நீச்சல் குளத்து வாடை அடிக்குமே, அந்த ஜாதி. முதல் உலகப் போரில், 1915-இல், ஈப்ரில் படைவீரர்கள் மீது திறந்துவிட்ட வாயுவும் அதுதான்.

"சின்ன பேட்டரிதானே, எவ்வளவு வந்துடப் போவுது?" என்றார் அத்தான். 9 வோல்ட் பேட்டரியில் வருவது கொஞ்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் தம்பிக்கு இழுப்பு உண்டு. பள்ளிப் பையில் இன்ஹேலர் இல்லாமல் அவன் வெளியே போவதில்லை. அவள் சோதனைக்குப் பிடித்து வைத்திருந்ததோ அவன் படுக்கும் அறை, ஏர்கோன் போட்டு சன்னலெல்லாம் சாத்தியது. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவால் பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகளை மூடியது ஜொகூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். காற்றில் கலந்ததைத் திரும்பப் பிடிக்க முடியாது. தொண்டையை வைத்துச் சம்பாதிக்கும் வானொலிக்காரியான எனக்கு இதில் பயம் கொஞ்சம் கூடுதல்தான்.

அக்காவின் அடுப்படியிலேயே பதில் இருந்தது: ஆப்ப சோடா. ஒரு குவளை நீருக்கு ஒரு தேக்கரண்டி. குமிழி மெதுவாக வரும், குளோரின் வராது. வினிகரும் ஆகும், இன்னும் மெதுவாக.

அடுத்து, மின்முனைக்கு அவள் எடுத்து வைத்திருந்த இரண்டு எவர்சில்வர் கரண்டிகள். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் அது நச்சுச் சேர்மமாக நீரில் கரையலாம். கரண்டியை அக்காவிடமே கொடுத்துவிட்டு, இரண்டு பென்சில்களை இருமுனையும் சீவினோம். சுவர் பிளக் பக்கமே போகக்கூடாது, தீக்குச்சி கிட்டே வரக்கூடாது என்று இரண்டு கட்டளை போட்டேன். மேசை வெளியே, போர்ட்டிகோவுக்குப் போனது.

பிளாஸ்டிக் கப்பின் அடியில் பென்சில்களைச் செருகி, நீர் நிரப்பிய இரு சோதனைக்குழாய்களை அவற்றின் மேல் கவிழ்த்தோம். எதிர்முனைக் குழாயில் ஹைட்ரஜன் மளமளவென்று சேர்ந்தது. ஆக்ஸிஜன் அதில் பாதி இருக்க வேண்டும், கணக்குப்படி. தம்பிக்காரன்தான் கண்டுபிடித்தான், பாதிகூட இல்லை என்று. கொஞ்சம் நீரில் கரைந்திருக்கும், கொஞ்சம் பென்சிலின் கரியோடு சேர்ந்து கரியமில வாயுவாகியிருக்கும்.

"அதையும் எழுதவா சித்தி?"

"அதைத்தான்மா முதல்ல எழுதணும்."