மேசையின் அடிப்பக்கம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பழம்பொருள் வாங்க வருகிறவர்கள் மேசையின் மேல்பலகையைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். பர்மா தேக்கின் நிறமும் வழவழப்பும் அப்படிக் கையை இழுக்கும். ஆனால் ஒரு மேசை எங்கே செய்தது, எப்போது செய்தது என்பதெல்லாம் அதன் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த ஒரு தச்சரிடம் என்னைக் கூட்டிப்போனவர் பள்ளத்தூர் பக்கத்து நண்பர்.

நண்பரின் பூர்வீக வீட்டில் பங்கு பிரிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. முகப்பில் கிடந்த ஒரு வட்ட மேசைக்கு வியாபாரி ஒருவர் சொன்ன விலையில் நாலில் ஒரு பங்குதான் இன்னொருவர் சொல்லியிருந்தார். "இது பழைய சாமானே இல்லை, அறுபது எழுபது வருசத்துக்கு முன்னாடி பழசைப் பார்த்துச் செஞ்ச நகல்" என்பது குறைத்துக் கேட்டவரின் வாதம். எது உண்மை என்று ஆசாரியைக் கேட்போம் என்றார் நண்பர்.

பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். பரம்பரைத் தச்சு. பன்னிரண்டு வயதில் அப்பாவுடன் உளி பிடிக்கப் போனவர். அவர் தலையெடுத்த காலத்தில் செட்டிநாட்டில் புது வீடு கட்டுவது நின்று, பழைய வீடுகளைப் பிரிப்பது தொடங்கிவிட்டது. நிலையும் கதவும் செய்யப் பழகிய கை, நிலையையும் கதவையும் சேதமில்லாமல் கழற்றுவதில் பேர் வாங்கியது. பிறகு பழம்பொருள் கடைகளுக்கு மேசை, அலமாரி, ஊஞ்சல் பலகை பழுது பார்ப்பவராக ஆனார். இப்போதும் அதே தினக்கூலிதான்.

மேசையைப் பார்த்ததும் அவர் குனியவில்லை. முதலில் அளவு நாடாவை எடுத்து மேல்பலகையின் நடுவே ரேகைவாக்கில் ஒரு முறை, ரேகைக்குக் குறுக்கே ஒரு முறை அளந்தார். "பாருங்க தம்பி, குறுக்கால மூணு நூல் கம்மி."

மரம் நீளவாக்கில் சுருங்குவது இல்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் சுருங்கும். முழுமரத்தில் செய்த வட்ட மேசை, ஆண்டுக்கணக்கில் கோடையும் மழையும் பார்த்த பிறகு சரியான வட்டமாக இருக்காது. பார்வைக்குத் தெரியாத அந்தக் கோணலை நாடா காட்டிக் கொடுத்துவிடும். வயதைக் கச்சிதமாகச் சொல்லாவிட்டாலும், நேற்றுச் செய்ததற்கு ஊறலும் புகையும் ஏற்றிப் பழசாக்கியதை இது வடிகட்டிவிடும்.

பிறகுதான் நாலு பேர் சேர்ந்து மேசையைக் கோரைப்பாயின் மேல் கவிழ்த்தோம். அடிப்பலகையில் ரம்பம் ஓடிய தடம் நேர்கோடுகளாகத் தெரிந்தது. மேலே ஒருவரும் கீழே ஒருவரும் நின்று இழுத்து அறுத்த மரத்தில் கோடு நேராக விழும். வட்ட ரம்பம் ஓடும் மில்லில் அறுத்திருந்தால் வில்லாக வளைந்திருக்கும். ஒரு திருகாணியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். முனை கூராக இருந்தது. முனை மொட்டையான திருகாணி என்றால் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதிக்குப் போக வாய்ப்பு உண்டு. கூர்முனைத் திருகாணி இயந்திரத்தில் பெருமளவு வந்தது அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். கூட்டல் குறி போல் தலை பிளந்தது கிடைத்தால் அது 1930களுக்கு முன் இருக்க வழியில்லை.

கால்களின் அடியில் பித்தளை உருளைகள். அழுக்கைத் துடைத்துவிட்டு, "இதை வாசிங்க" என்றார். கோப் அண்ட் காலின்சன், பேட்டன்ட் என்று இருந்தது. பர்மிங்காமில் 19ஆம் நூற்றாண்டில் மேசை உருளை வார்த்த நிறுவனம் அது. அதாவது மரம் ரங்கூனிலிருந்து வந்திருக்கிறது, உருளை இங்கிலாந்திலிருந்து கப்பலேறியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து மேசையாக்கிய கைகளின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

வாசிக்கச் சொன்னதற்குக் காரணம், பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாது. முத்திரைகளை அவர் உருவத்தால் அறிகிறார். தகட்டின் கனம், எழுத்து புடைத்திருக்கிறதா குழிந்திருக்கிறதா, எத்தனை ஆணியில் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த நினைவுக்குத் துணையாக ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகு எனக்கு மேசையின் நினைப்பே போய்விட்டது.

சிறுபிள்ளைகள் நாலணாக் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார்களே, அதே வேலைதான். நாள்காட்டித் தாளின் வெற்றுப் பக்கத்தை முத்திரையின் மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்திருக்கிறார். கரிப்பரப்பில் எழுத்துகள் தெளிவாக எழுந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் தமிழில் ஊர், மரம், பழுது பார்த்த விவரம். தாள்களைச் சாக்குத் தைக்கும் நூலால் தைத்து வைத்திருக்கிறார். முப்பது ஆண்டுகளாகக் கைக்கு வந்ததெல்லாம் அதில் இருக்கிறது.

நான் வாசிக்க, அவர் விளக்கினார். கல்கத்தா லாசரஸ் கம்பெனியின் முத்திரை ஒன்று. அது வைஸ்ராய் காலத்துப் பெரிய பெயர். மவுண்ட் ரோடு முகவரியோடு சில தகடுகள். இவற்றில் ஆண்டு பொறித்திருப்பது அபூர்வம். ஆனால் முகவரியே ஆண்டைச் சொல்லிவிடும். ஒரு பெயர்ச்சீட்டில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. 'பிரைவேட் லிமிடெட்' என்று இருந்தால் 1956 கம்பெனிச் சட்டத்துக்குப் பிறகு வந்திருக்க வேண்டும். இழுப்பறைப் பூட்டில் கிரீடமும் 'வி.ஆர்.' எழுத்தும் இருந்தால் விக்டோரியா காலம், 1901க்குள். 'ஜி.ஆர்.' என்றால் 1830க்கு முன்போ 1910க்குப் பிறகோ. இங்கிலாந்துப் பூட்டிலோ கைப்பிடியிலோ சாய்சதுர முத்திரை இருந்தால் 1842க்கும் 1883க்கும் இடையில் பதிந்த வடிவம். 1884 முதல் அதை விட்டுவிட்டு வரிசை எண் போட ஆரம்பித்தார்கள்.

ஒரு காகிதச் சீட்டைத் தேய்த்து எடுக்க முடியாததால் அதைப் பார்த்து வரைந்திருந்தார். எழுத்துகளை ஓவியமாகக் கண்டு வரைந்த கோடுகள் அவை, அப்படியும் ஒரு பிழை இல்லை. தோனெட் என்று வாசித்தேன். நீராவியில் மரத்தை வளைத்து மேசை நாற்காலி செய்த வியன்னாக் குடும்பம். 1856இல் பெற்ற தனியுரிமையை 1869இல் விட்டுவிட்டார்கள், அதன் பிறகு பலரும் அதே வேலையைச் செய்தார்கள். அந்தச் சீட்டில் ஊர்ப்பெயரோடு செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தது. அந்த நாடு பிறந்ததே 1918 அக்டோபரில். அதற்கு முன்பு ஒட்டிய சீட்டில் அந்தப் பெயர் இருக்க முடியாது. இதை நான் சொன்னதும் பெரியவர் பென்சிலை எடுத்து வரைபடத்தின் கீழ் '1918க்குப் பின்' என்று எழுதிக்கொண்டார்.

ஒரு விஷயத்தில் அவர் மிகக் கவனமாக இருந்தார். "பூட்டு வச்சது எப்பன்னுதான் பூட்டு சொல்லும். மேசை செஞ்சது எப்பன்னு மேசையத்தான் கேக்கணும்." பழைய மேசைக்குப் புதுப் பூட்டும், புது மேசைக்குப் பழைய பூட்டும் போடலாம். ஒரே ஒரு முத்திரையை நம்பித் தேதி சொல்கிறவரை நம்பவே கூடாது என்பது அவர் கட்சி. முத்திரை, திருகாணி, ரம்பத் தடம், சுருக்கம் எல்லாம் ஒரே காலத்தைச் சொன்னால்தான் அவர் வாய் திறக்கிறார்.

பாலிஷ் ஏற்றும் முறையையும் நெடுநேரம் விளக்கினார். அரக்கு, ஸ்பிரிட், துணி மடிப்பு என்று போன அந்தப் பகுதியை விட்டுவிடுகிறேன். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அவர் காட்டிய உளிக்கொத்து. கால் சட்டத்தோடு சேரும் கழுந்திலும், அது நுழையும் துளையின் ஓரத்திலும் சின்னச் சின்ன வெட்டுகள். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. எந்தக் கால் எந்தத் துளைக்கு என்று செய்தவன் தனக்காகப் போட்டுக்கொண்ட அடையாளம். இரண்டு கொத்து உள்ள கால் மூன்று கொத்துத் துளையில் உட்கார்ந்திருந்தால் இடையில் யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார்கள். கொத்தே இல்லாத கால் என்றால் அது வேறு மேசையின் கால். "தகட்டுல இருக்கிறது கடைக்காரக பேரு. செஞ்ச ஆசாரிக்கு இந்தக் கொத்துதான் தம்பி" என்றார்.

நண்பரின் மேசையில் கொத்துகள் எல்லாம் பொருந்தின. கழுந்துகளை மூங்கில் ஆணி அடித்து நிறுத்தியிருந்தார்கள். கணக்கெல்லாம் கூட்டி, "நூறு வருசத்துக்கு மேலதான்" என்று முடிவு சொன்னார். சொல்லிவிட்டு அடிப்பலகையில் ஓரிடத்தை விரலால் தொட்டார். சுற்றிலும் கறுத்த மரத்தில் நீள்சதுரமாக ஒரு வெளுப்பு. இரு முனைகளிலும் ஆணித்துளை. துளைக்குள் தூசி கூட அடையவில்லை. அங்கே ஒரு தகடு இருந்திருக்கிறது, அதை யாரோ அண்மையில் கழற்றியிருக்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் மேசையைத் துடைத்துத் தருவதாக ஒருவர் வந்துபோனதை நண்பரின் பெரியம்மா அப்போதுதான் நினைவுபடுத்திச் சொன்னார்.

தகட்டை ஏன் திருட வேண்டும்? நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகிவிடும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அனுப்ப வேண்டுமானால் தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். ஆகவே கப்பலேற்ற நினைக்கிற தரகருக்கு மேசையின் வயது குறைய வேண்டும், தகடு போக வேண்டும். அதே தகட்டை அண்மையில் செய்த ஒரு மேசையில் அடித்துச் சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு பணக்கார வீட்டுக்கு விற்றால் அங்கே வயது கூட வேண்டும். ஒரே தகட்டால் இரண்டு பொய்களுக்கும் லாபம். பெரியவருக்குத் தெரிந்த ஒரு கிடங்கில் கழற்றிய தகடுகளைத் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார்களாம். அவரையே கழற்றச் சொல்லியும் இருக்கிறார்கள். கூலிக்குப் போன இடத்தில் கழற்றித்தான் கொடுத்திருக்கிறார். கழற்றுமுன் ஒவ்வொன்றையும் தேய்த்து எடுத்துக்கொண்டார். நோட்டு பிறந்த கதை அதுதான்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை, இப்போதும் அடங்கவில்லை. சண்டிகரில் நடந்ததும் இதுதான். கட்டடக் கலைஞர் பியர் ஜென்னரே காலத்தில் அரசு அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தேக்கில் செய்த மேசை நாற்காலிகளில் எந்தக் கட்டடத்தைச் சேர்ந்தது என்று வண்ணத்தில் எழுத்து அடித்திருந்தார்கள். பழசானதும் கழிவாக ஏலம் விட்டார்கள். ஐரோப்பிய வியாபாரிகள் அள்ளிப்போய்ப் புதுப்பித்து லட்சக்கணக்கில் விற்றார்கள், அந்த எழுத்தே விலைக்குச் சான்றானது. 2011இல் மத்திய உள்துறை விற்பனையைத் தடுத்தபோது பெரும்பகுதி கைமாறியிருந்தது. இப்போது போலி மேசைகளுக்கும் அந்த எழுத்து வந்துவிட்டது. அங்கேயும் செய்த தச்சர்களுக்கு அந்தப் பணத்தில் ஒரு காசு வரவில்லை. இங்கே உண்மைத் தேதியைச் சொல்லத் தெரிந்தவர் தினக்கூலிக்கு நிற்கிறார், பொய்த் தேதி சொல்கிறவர் காரில் வந்து இறங்குகிறார். பழம்பொருள் ஒவ்வொன்றும் அதைப் பார்த்துத் தேதி சொன்ன தச்சரின் கையெழுத்தோடுதான் விலைபோக வேண்டும், அவருக்கு அதில் பங்கு வேண்டும். சட்டத்தில் இதைச் சேர்க்காதவரை கடையில் காட்டும் எந்தச் சான்றிதழும் எனக்கு வெறும் தாள்தான்.

அந்த நோட்டுக்கும் ஒருவர் விலை பேசியிருக்கிறார். வடிவங்களைப் பார்த்துப் புதுத் தகடு அடிக்கத்தான். பெரியவர் மறுத்துவிட்டார்.

பக்கத்துக் கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா தன் ஆயுள் முழுக்கச் சேர்த்த அச்சுப் பொருள்களைக் கொண்டு, அவர் மறைந்த பிறகு 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்ததைப் பெரியவரிடம் சொன்னேன். இந்த நோட்டையும் அப்படி ஓரிடத்தில் வைத்தால் பின்னால் வருகிறவர்கள் போலியைக் கண்டுபிடிக்க உதவும் என்றேன். மகன் கோயம்புத்தூரில் சமையலறை அலமாரி மாட்டும் வேலைக்குப் போய்விட்டான், இதைப் படிக்க இங்கே யாரும் இல்லை என்று அவரே சற்று முன் சொல்லியிருந்தார். கொஞ்சம் யோசித்தார்.

"நகல் எடுத்துக்கிருங்க தம்பி. நோட்டு இங்கயே இருக்கட்டும், வேலைக்கு வேணும்ல. ஆனா எந்தத் தகட்டை எந்த ஊரு மேசையில இருந்து நான் கழட்டுனேனோ, அதையும் சேர்த்து எழுதிப்புடணும்."

அன்று மாலை முதல் தாளிலிருந்து அவர் சொல்லச் சொல்ல எழுத ஆரம்பித்தோம்.