குழலில் இடுவது யாது?

பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் கோட்டையைக் காணச் சென்றவர் யாவரும் ஸ்ரீ ரம்பாய் என்னும் பீரங்கியைக் கண்டிருப்பர். டச்சுக்காரர் 1603-ஆம் ஆண்டில் வார்த்தது அது. கைகள் பல மாறி, 1871-இல் ஆங்கிலேயரால் கோலசிலாங்கூரிலிருந்து கைப்பற்றப்பட்டு இத்தீவுக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைப்பேறு வேண்டும் மகளிர் அதன் குழலில் மலரிட்டு வணங்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அக்கோட்டை நிற்கும் முனையைப் பற்றி வேறொரு கதையும் வழங்குகிறது. 1786-இல் இங்குக் குடியேற்றம் தொடங்கிய பிரான்சிஸ் லைட், காடு வெட்ட ஆளில்லாமையால், பீரங்கிக் குழலில் வெள்ளி நாணயங்களை இட்டுக் காட்டுக்குள் சுட்டாராம். காசைத் தேடியவர்கள் காட்டையும் வெட்டி முடித்தனராம். கதை மெய்யோ பொய்யோ, நாம் அறியோம். ஆயினும் ஒருவர் மலரையும் ஒருவர் காசையும் இட்ட குழலில் இடத்தக்கது யாது என்னும் கேள்வி நம்மைச் சில ஆண்டுகளாக விட்டபாடில்லை. அக்கேள்வியை நமக்குக் கற்பித்தது கோட்டையன்று. நம் சிற்றப்பா மகனது மேசையே.

தம்பி பல்லாண்டுகளுக்கு முன்னரே நியூசிலாந்து சென்று தொழில் செய்து வாழ்பவர். மூன்றாண்டுகளுக்கு முன் நாம் அவர் இல்லத்தில் இரு வாரம் தங்கினோம். அவர் அரசாங்க உரிமத்துடன் புதிதாய் ஒரு ரைபிள் வாங்கியிருந்தார். பள்ளத்தாக்கின் இக்கரையிலிருந்து அக்கரையில் நிற்கும் விலங்கைச் சுடுவதற்கான நெடுந்தூர ரைபிள் அது. துப்பாக்கி வாங்கினால் மறுநாளே வேட்டைக்குப் புறப்படுவார் என எண்ணினோம். "இன்னும் நாலு மாசம் ஆகும், அண்ணே. முதல்ல இதுக்கு ஏத்த தோட்டாவைக் கண்டுபிடிக்கணும்" என்றார். கடையிலே தோட்டா விற்கவில்லையா என்று வினவினோம். நகைத்து, நம்மைத் தம் பின்கொட்டகைக்கு அழைத்துச் சென்றார்.

தோட்டாவின் உறுப்புகள் நான்கு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருந்தும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் மருந்து எரிந்துபோம், குண்டு பறந்துபோம், கூடும் வெடித்த கேப்பும் மட்டும் எஞ்சும். அக்கூடு அழுத்தத்தால் விரிந்து துப்பாக்கி அறையின் வடிவைப் பெற்றிருக்கும். தம்பி அவ்வெற்றுக் கூடுகளைத் துலக்கி, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்ந்து, நீண்டுபோன கழுத்தை நறுக்கி, புதுக் கேப்பிட்டு, மருந்தை நிறுத்து, குண்டைப் பொருத்துகிறார். குண்டு கூட்டினுள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதையும் அளக்கிறார். ஒரு தோட்டா செய்து முடிக்க அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நாம் ஒரு நாட்கூலிப் பட்டியலைக் கூட்டி முடித்துவிடுவோம்.

மருந்து நிறுக்கும் தராசே அம்மேசையின் தலைவன். அதன் அளவை கிரெயின் என்பது. 7,000 கிரெயின் சேர்ந்தது ஒரு ராத்தல். நம் பாட்டனார் காலத்துத் தட்டார் பொன் நிறுத்த குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெயின் இருக்கும். தம்பியோ கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறார். அதாவது ஒரு குன்றிமணியை இருபது கூறாக்கினால் வரும் ஒரு கூறு! காற்று பட்டால் தராசு நடுங்கும் என்று கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டார். பேசாதிருக்குமாறு நமக்கும் கைகாட்டினார்.

இத்துணை நுட்பம் எதற்கு என்று வினவலாம். வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு 500 மீட்டர் தொலைவைக் கடக்க முக்கால் வினாடிக்குச் சற்றுக் குறைய ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதனை ஏறத்தாழ இரண்டரை மீட்டர் கீழே இழுத்துவிடும். அவ்வீழ்ச்சியைக் கணக்கிட்டே குறி வைக்கின்றனர். வேகம் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தால், குண்டு மேலும் அரைச்சாண் தாழ்ந்துவிடும். அவ்வரைச்சாண் விலங்கின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் உள்ள தூரம். நெஞ்சில் பட்ட விலங்கு விழுந்த இடத்தில் இறக்கும். வயிற்றில் பட்டதோ ஓடி மறைந்து, நாட்கணக்கில் துடித்துச் சாகும். மருந்துத் துகள் சிலவற்றின் மிகுதி குறைவு ஓர் உயிரின் வேதனையாக மாறுகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அவர் செய்முறையில் நம்மைக் கவர்ந்தது வேறொன்று. அச்சிட்ட அட்டவணை நூல் கூறும் மிகக் குறைந்த அளவில் தொடங்குவார். அவ்வளவில் ஐந்து தோட்டா. பின் சற்றே கூட்டி ஐந்து. இவ்வாறு படிப்படியே ஏறுவார். ஒவ்வொரு வேட்டின் வேகத்தையும் கருவியால் அளந்து, இலக்குத் தாளில் துளைகள் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்று பார்த்து, அன்றைய வெப்பநிலையுடன் ஒரு குறிப்பேட்டில் பதிவார். சுட்ட கூட்டின் கேப்பு தட்டையாகிவிட்டதா, போல்ட்டைத் திறக்கக் கை இறுகுகிறதா என்று நோக்குவார்; அவை அழுத்தம் மிகுவதன் அடையாளங்கள். அவை தென்பட்டால், நூல் இன்னும் ஏறலாம் என்று சொன்னாலும் அங்கே நிறுத்திவிடுவார். அவர் கண்ட அளவு எவ்வளவு என்று கேட்டோம். சொல்ல மறுத்துவிட்டார். "ஒவ்வொரு குழலும் வேற வேற, அண்ணே. என் துப்பாக்கிக்கு மருந்து. அடுத்தவன் துப்பாக்கிக்கு அது விஷம். அவனவன் அடியிலிருந்து சோதிச்சு வரணும்" என்றார். பெரியோர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்காதே என்று நம் மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். அதனைக் கைத்தொழிலாகச் செய்யும் ஒருவரை அங்கேதான் கண்டோம்.

நான்காம் மாதத்தின் இறுதியில் நாம் அங்கில்லை. அவர் எழுதிய கடிதம் வந்தது. மேசைமேல் சாய்த்துச் சுட்டால் 500 மீட்டரிலும் துளைகள் உள்ளங்கைக்குள் அடங்கின என்று எழுதியிருந்தார். ஆனால் மலையேறி, மூச்சிரைக்க, காற்று வீசுகையில் தரையிற் கிடந்து சுட்டுப் பார்த்தாராம். அப்பொழுது துளைகள் சிதறின. ஆகவே தம் எல்லை 350 மீட்டர் என்று ஓர் அட்டையில் எழுதித் தோட்டாப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிட்டாராம். முதல் வேட்டையில் 400 மீட்டருக்கு அப்பால் நின்ற கொழுத்த கடா ஒன்றைப் பார்த்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பினாராம். துப்பாக்கியின் எல்லை வேறு, சுடுபவனின் எல்லை வேறு என்பதைக் கண்டறியவே அந்நான்கு மாதமும் செலவாயிற்று போலும்.

அவர் வேட்டையாடுவது இமயமலைக் காட்டாட்டின் இனம். 1904-இல் அந்நாட்டு மவுண்ட் குக் பகுதியில் கொண்டுபோய் விடப்பட்டு, பகை விலங்கு யாதும் இன்மையால் பெருகி, மலைச் செடிகளை அழித்து வருவது. 10,000-க்கு மேல் அவை பெருகலாகாது என 1993-இல் அந்நாட்டார் திட்டமே வகுத்தனர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வரையாடோ அதனைப் போன்ற தோற்றமுடையதாயினும், எஞ்சியிருப்பது சில ஆயிரமே. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய அதனைக் காக்க 2022-இல் அங்குத் தனித் திட்டம் அறிவிக்கப்பட்டது. நீலகிரியில் வேட்டையின் மிகுதியால், 1879-ஆம் ஆண்டிலேயே வேட்டை விலங்குகளுக்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அதே நீலகிரியின் அரவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் மருந்துச் சாலை எழுந்தது. ஓரிடத்தில் கொல்வது காப்பாகவும், மற்றோரிடத்தில் கொல்லாமை காப்பாகவும் அமைகிறது. எண்ணிப் பார்த்தே முடிவு செய்யவேண்டிய பொருள் இது.

துப்பாக்கிக்கு ஏற்ற மருந்தைத் தாமே வகுக்கும் முயற்சி புதியதன்று. இலங்கையில் நுவரெலியாவில் 1848 முதல் சில ஆண்டுகள் குடியிருந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் அதில் பேர்பெற்றவர். ரைபிளுக்குச் சிறிதளவு மருந்தே போதும் என்று பிறர் நம்பிய காலத்தில், 1840-இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துப்பாக்கித் தொழிலாளரிடம் 21 ராத்தல் எடையுள்ள ரைபிள் ஒன்றைச் செய்வித்தார். அதன் குண்டு 3 அவுன்ஸ். மருந்து 16 டிராம், அதாவது முழு அவுன்ஸ் ஒன்று. வழக்கை நம்பாது சோதித்தறிந்த அறிவைப் பாராட்டுகிறோம். அவ்வறிவு எத்தனை யானைகளின்மேல் செலவிடப்பட்டது என்று எண்ணுங்கால் பாராட்டு தொண்டையில் நின்றுவிடுகிறது. கருவியின் திறத்தைக் கண்டவர், எல்லை அட்டை ஒன்றை எழுதி ஒட்டவில்லை.

இவ்வறிவு நம்மவர் கைக்கு எட்டாதிருந்ததற்கும் காரணம் உண்டு. பாளையக்காரர் போர் முடிந்தபின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் தென்னாட்டாரின் படைக்கலங்களைப் பறிக்க ஆணையிட்டார். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து எழுபதுக்கு மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டு நாடுகடத்தப்பட்டது இதே பினாங்குக்குத்தான். சின்ன மருதுவின் மைந்தர் துரைசாமியும் அவர்களுள் ஒருவர். அவர்களைக் கப்பலேற்றும் பணியில் இருந்த வெல்ஷ் என்னும் படைத்தலைவர் 1818-இல் இத்தீவில் அவரை மீண்டும் கண்டு, அவரது நலிந்த கோலத்திற்கு வருந்தி எழுதியுள்ளார். பின்னர் 1878-ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டத்தின்கீழ் ஐரோப்பியருக்கு விலக்கும் இந்தியருக்கு உரிமக் கட்டுப்பாடும் வந்தன. இன்று மலேசியாவில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் எல்லார்க்கும் பொது. உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தலும் செய்தலும் குற்றம். அச்சட்டம் நன்றே. தம்பியின் மேசையை இங்கே இட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அம்மேசையிலிருந்து இங்கே கொணரத்தக்கது வேறொன்று உண்டு.

நிற்க. இனி நம் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

நாம் கணக்கெழுதும் தோட்டம் தீவுக்கு எதிரே, செபராங் பிறையில் உள்ளது. இளஞ்செம்பனையின் குருத்தைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றுவிடும். நியூசிலாந்து செல்வதற்கு ஈராண்டு முன், உரிமம் பெற்ற வெளியார் ஒருவர் மானேஜருடைய நண்பர் என்னும் முறையில் பன்றி சுட வந்தார். அவர் கையில் இருந்தது பன்னிரண்டு போர் துப்பாக்கி, சிதறு ரவைத் தோட்டா. அது நாற்பது மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதன்று. அவர் அந்தி மங்கலில் நூறு தப்படிக்கு அப்பால் சுட்டார். பன்றி வீழவில்லை, புதரில் மறைந்தது. தேடவும் இல்லை. மறுநாட் காலை அத்துண்டில் உதிரிப்பழம் பொறுக்கச் சென்ற அம்மையார் ஒருவரைக் காயம்பட்ட அவ்விலங்கு தொடையில் கிழித்துவிட்டது. மூன்று மாதம் கிடந்து எழுந்தார். இன்றும் காலை இழுத்தே நடக்கிறார்.

பெரட்டுக் களத்தில் மறுநாளே பேச்சு எழுந்தது, முனியாண்டிக்குக் கிடா வெட்டாத குறை என்று. தலைக்கு ஐந்து வெள்ளி வரி பிரித்தனர். வசூல் பட்டியலை எழுதியது நாம். விபத்து அறிக்கையை எழுதியதும் நாமே. "பணியின்போது காட்டுப்பன்றி தாக்கிக் காயம்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினோம். முதல் நாள் அந்தியில் வேட்டு வெடித்ததையும், தூரத்தையும், தேடாமல் விட்டதையும் எழுதவில்லை. எழுதாதே என்று எவரும் சொல்லவில்லை. சொல்லாமலே நமக்குத் தெரிந்திருந்தது. முனியாண்டியை நம்பிய எளியோரை மூடர் என்று மனத்துள் இகழ்ந்தோம். உண்மையை அறிந்தும் மறைத்த நமக்கு எப்பெயர் தகும்?

தம்பியின் குறிப்பேட்டில் தவறிய வேட்டும் பதிவாகியிருந்தது. "என் கை ஆடியது" என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தார். அதைப் படித்தபொழுதே நம் அறிக்கை நினைவுக்கு வந்தது. ஊர் திரும்பிய வாரத்தில் விடுபட்டவற்றையெல்லாம் எழுதி, நாள் குறித்து, கையொப்பமிட்டு மானேஜரிடம் தந்தோம். அவர் இருமுறை படித்துவிட்டு ஒன்றும் பேசாது கோப்பில் வைத்தார். அம்மையார் இல்லத்துக்குச் சென்று அதனைத் தமிழில் படித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் தம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பின், "வேட்டுச் சத்தம் லயத்துல எல்லாருக்குந்தான் கேட்டுச்சு, கிராணியாரே. எழுதுற கை உங்க கைதானேன்னு சும்மா இருந்தோம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம்.

இரண்டு மாதம் கழித்துப் பெரட்டுக் களத்துப் பலகையில் ஓர் அறிவிப்பு ஏறியது. வாசகம் நாம் எழுதியது, ஒப்பம் மானேஜருடையது. சுட்ட பன்றி வீழ்ந்து கிடக்கக் காணப்படாவிடின், சுட்டவர் அன்றே அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். தேடி முடிக்கும்வரை அத்துண்டில் எவரையும் வேலைக்கு அனுப்பலாகாது. அந்நாட் கூலி குறையாது. தமிழிலும் மலாயிலும் எழுதினோம். இதுவரை இருமுறை அவ்விதிப்படி வேலை நிறுத்தப்பட்டுள்ளது. கிடா வெட்டும் இன்னும் நடக்கிறது. அதைத் தடுக்கும் தகுதி நமக்கு வந்துவிட்டதாக நாம் எண்ணவில்லை.

தோழர்களே, தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மில் துப்பாக்கி ஏந்துவோர் மிகச் சிலர்; பேனா ஏந்துவோர் பலர். ஆங்கிலம் கற்றோம் என்று நாற்காலியில் அமர்ந்திருக்கும் நம்மனோர் எழுதும் ஒரு வரியும் எங்கேனும் சென்று தைக்கவே செய்கிறது. அதனை நிறுத்து இடுகிறோமா, கண்டதை இட்டு அடைக்கிறோமா என்று இன்று மாலை கணக்கை மூடுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்வோமாக.