கவிழ்த்துப் பார்

மகள் ஓசூரில் ஒரு பெரிய கடைக்குள் நின்றபடி போன் செய்தாள். பின்னால் சினிமாப் பாட்டு, நடுநடுவே மைக்கில் யாரோ தள்ளுபடியைக் கூவுகிறார்கள், அதற்கும் மேலே அவள் இடுப்பிலிருக்கும் எட்டு மாதப் பேரனின் வீறல். “அப்பா, அஞ்சு லிட்டர் குக்கர். பாதி விலைன்னு போட்டிருக்காங்க. எடுத்துரவா?”

“கவுத்திப் பாரு.”

“என்னது?”

“குக்கரக் கவுத்தி, அடியில என்ன அடிச்சிருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு தாயி.”

அட்டைப் பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்று கடைப் பையன் சொல்வது, அவள் போனை வைப்பதற்குள் காதில் விழுந்தது. படம் வரும்வரை எனக்கு வேறு வேலை இல்லை.

எந்தச் சாமானையும் கவிழ்த்துப் பார்க்கிற புத்தி அம்மாவுடையது. மதுரை எழுகடல் தெருவுக்குப் பாத்திரம் வாங்கப் போனால் அரை நாள் ஆகும். முதலில் விரல் முட்டியால் ஒரு தட்டு. சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று காது கொடுப்பாள். பிறகு விளிம்பில் விரலை ஓட்டுவாள், மடிப்பு கையைக் கிழிக்கிறதா என்று. கடைசியில் கவிழ்த்து, அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்துவாள். எவர்சில்வர் எடைக்குத்தான் விற்கும். அடி கனம் என்றால் விலையும் கனம். அதனாலேயே பக்கத்து வீட்டு அத்தை எப்போதும் லேசாகப் பார்த்து வாங்குவார். அவர் வீட்டுப் பால் தினமும் அடிப்பிடித்து எங்கள் வாசல்வரை வாசம் வரும். அம்மா மாதம் 20 ரூபாய் பாத்திரச் சீட்டுக் கட்டி, தீபாவளிக்கு ஒரே ஒரு குண்டான் எடுத்து வருவாள். “எண்ணிக்கைக்கு வாங்குனா அலமாரிக்கு, எடைக்கு வாங்குனா அடுப்புக்கு” என்பாள்.

அவள் சுருக்குப்பையில் ஒரு காந்தத் துண்டும் இருக்கும். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து அப்பா உடைத்துக் கொடுத்தது. பாத்திரத்தில் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல். கடைக்காரர்கள் அம்மாவுக்குப் பயந்துதான் தாங்களும் கல்லாவில் ஒரு காந்தம் வைத்திருக்கிறார்கள் என்று நான் பல வருடம் நம்பினேன். பின்னால்தான் தெரிந்தது, அந்தக் காந்தம் பாதி உண்மையைத்தான் சொல்லும். நிக்கல் தாராளமாகச் சேர்ந்த 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, சரி. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்கிற 202 ரகத்திலும் ஒட்டாது. 202 விலை மலிவு. உப்பும் புளியும் பட்டால் சீக்கிரம் துருப்புள்ளி விழும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணாலும் பிரிக்க முடியாது, காந்தத்தாலும் முடியாது. கடைக்காரர்கள் கல்லாவில் காந்தம் வைத்திருந்ததற்குக் காரணம் அம்மா மேல் இருந்த பயம் அல்ல, இந்தப் பாதி உண்மைதான். இப்போது இண்டக்‌ஷன் அடுப்பு வந்தபிறகு கதையே தலைகீழ். காந்தம் ஒட்டுகிற அடி இருந்தால்தான் அது சூடேறும். அம்மா இருந்திருந்தால் காந்தத்தைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டாள், ஒட்டினால் வாங்கு என்று சட்டத்தைத் திருத்தியிருப்பாள்.

அவளும் ஏமாந்திருக்கிறாள். “பழைய பித்தளைக்கு, பட்டுப்புடவைக்கு எவர்சில்வரேய்...” என்று தெருவில் கூவி வந்தவரிடம் பாட்டியின் வெண்கல உருளியையும் இரண்டு பித்தளைத் தவலையையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு எவர்சில்வர் குடமும் நாலு டம்ளரும் வாங்கி வைத்தாள். இன்று அப்படியொரு உருளியின் விலையைப் பழம்பொருள் கடையில் பார்த்துவிட்டு என் மனைவி அன்றைக்கெல்லாம் பேசவில்லை. ஆனால் எனக்கு அம்மாமேல் குறை சொல்ல வாய் வரவில்லை. பித்தளைக்கு ஈயம் பூச ஆள் தேட வேண்டும், புளி போட்டுத் தேய்க்க வேண்டும், தவலையைத் தூக்கி இறக்க இடுப்பு வேண்டும். எவர்சில்வருக்கு ஒரு கை சாம்பல் போதும். நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தவளுக்கு மிச்சமான நேரத்தை எந்தத் தராசில் வைப்பது? அந்தக் குடம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒட்டுப்போட்ட இடத்தில்கூட ஒழுகவில்லை.

1998இல் மகள் பிறந்தபோது நாங்கள் செல்லூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சம்பளம் கைக்கும் வாய்க்கும். வேனில் சாமான் ஏற்றிவந்து தெருமுனையில் விற்ற ஒருவரிடம், கடை விலையைவிட 180 ரூபாய் குறைவாக ஒரு குக்கர் வாங்கினேன். வாங்கி வந்த அன்று என் நடையே வேறு மாதிரி இருந்தது என்று மனைவி இப்போதும் சொல்வாள். மூன்றாம் மாதம் ஒரு காலையில் வெயிட் அடைத்துக்கொண்டது. அந்த நேரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டிய சேஃப்டி வால்வு விட்டுக்கொடுக்கவில்லை. மூடி கிளம்பி, துவரம்பருப்பு மொத்தமும் கூரையில். மனைவி வாசலில் பால்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள், குழந்தை அடுத்த அறையில் சேலைத் தொட்டிலில். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதுவதற்கே இப்போதும் கை ஒரு கணம் நிற்கிறது. வெள்ளையடிக்க என்று வீட்டுக்காரர் அட்வான்ஸில் 400 ரூபாய் பிடித்துக்கொண்டார். ஆக, 180 ரூபாய் லாபம்.

சாயங்காலம் அம்மா வந்தாள். திட்டவில்லை. நசுங்கிய குக்கரை எடுத்துக் கவிழ்த்தாள். “என்னடா இது, மொட்டையா இருக்கு?”

மொட்டையாகத்தான் இருந்தது. முத்திரை அடித்த குக்கர் என்றால் ஐ.எஸ்.ஐ. குறிக்கு மேலே ஐ.எஸ். 2347 என்று இருக்கும். குக்கருக்கான தர நிர்ணய எண் அது. கீழே சி.எம்./எல். என்று தொடங்கி உரிம எண் இருக்கும். வெறும் ஐ.எஸ்.ஐ. படத்தை யாரும் அடித்துக்கொள்ளலாம். எண்ணோடு இருந்தால்தான் அதற்குப் பின்னால் ஒரு ஆலை, ஒரு முகவரி, ஒரு பொறுப்பு உண்டு. இப்போது பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யாருடைய உரிமம், உயிரோடு இருக்கிறதா என்பது வரை வந்துவிடுகிறது. 2021 பிப்ரவரியிலிருந்து இந்த முத்திரை இல்லாத வீட்டுக் குக்கரை விற்கவே கூடாது. அப்படியும் விற்றார்கள். மறு வருடமே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய இணையக் கடைகளுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் அபராதம் போட்டு, விற்ற குக்கர்களைத் திரும்ப வாங்கிப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. தெருமுனை வேன் எங்கும் போய்விடவில்லை, போனுக்குள் வந்து நிற்கிறது.

குழந்தைக்கென்று வாங்கியதில் ஒன்று மட்டும் விலையே இல்லாதது. அப்பாவின் பழைய வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து அம்மா கொண்டுவந்த அணையாடைத் துணி. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்பார்கள். நூறு முறை துவைத்து மெத்தென்று ஆன பருத்திக்கு மேல் அந்தத் தோலுக்கு வேறென்ன வேண்டும். என் மகள் டயப்பர் வாங்குகிறாள். வேலைக்குப் போகிறவள், துவைக்க மாமியாரா இருக்கிறார்? ஆனால் தாய் மாதிரியே கணக்கு. பெட்டி விலையைப் பார்க்க மாட்டாள், ஒன்று எவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பாள். பெரிய பெட்டி மலிவு என்று நாம் நினைப்போம் அல்லவா? சில நேரம் சின்னப் பெட்டிதான் மலிவு என்று கண்டுபிடித்து எனக்குப் போன் செய்வாள்.

அவள் தாய்க்கு எம்.ஆர்.பி. என்றாலே எரிச்சல். 1990க்கு முன்னால் பொட்டலங்களில் ‘உள்ளூர் வரி தனி’ என்று போட்டுக்கொள்ளலாம். அந்த மூன்று சொல்லில் கடைக்காரர் வீடு கட்டிவிடுவார். அதற்குத்தான் எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலையை அச்சடிக்கச் சொன்னார்கள். அதற்கு மேல் விற்றால் குற்றம். ஆனால் அந்த உச்ச விலையை எவ்வளவு உயரத்தில் எழுதுவது என்பது தயாரிப்பவர் இஷ்டம். 6,000 என்று எழுதி 3,000க்குக் கொடுத்தால் பாதி விலை. 3,000 என்று எழுதி 3,000க்குக் கொடுத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். “கிழிச்ச விலையப் பாக்காதீங்க, கீழ இருக்கிற விலைக்கு இது தேறுமான்னு மட்டும் பாருங்க” என்று எத்தனை கடையில் என் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஆடித் தள்ளுபடியில் ஃப்ரிட்ஜ் வாங்கப் போனபோதும் அவள்தான் நட்சத்திர முத்திரையில் வருடம் எங்கே என்று கேட்டாள். மின்சிக்கனத்துக்குக் கொடுக்கிற நட்சத்திரக் கணக்கை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். போன கணக்கின் ஐந்து நட்சத்திரம் புதுக் கணக்கில் நாலோ மூன்றோ ஆகிவிடும். தள்ளுபடியில் நின்றது அந்தப் பழைய ஐந்து.

தள்ளுபடியே இல்லாத ஒரு பொருளும் அந்த நாளில் எங்களை இழுத்தடித்தது. மனைவிக்குப் பால் போதாமல் கொஞ்ச நாள் டின் பால் கொடுக்கச் சொன்னார் டாக்டர். மருந்துக் கடையில் பழக்கதோஷத்தில் “ரெண்டு எடுத்தா ஏதாச்சும் ஃப்ரீ உண்டா?” என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பால்மாவுக்கு விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, பரிசு கூடாது, டின்னில் குழந்தைப் படம்கூடக் கூடாது என்று 1992லேயே சட்டம். தாய்ப்பாலே சிறந்தது என்று அந்த டின்னே தன் மேல் எழுதிக்கொண்டு நிற்க வேண்டும். விற்கிற பொருள் தன்னைவிட நல்லது இன்னொன்று உண்டு என்று சொல்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மிக்ஸிக் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. மாமனார் வீட்டுச் சீர். ஒரு நாள் தேங்காய்ச் சட்னியின் நடுவில் நின்றுவிட்டது. சைக்கிள் கேரியரில் கட்டி, ஆற்றுப்பாலம் தாண்டி, சிம்மக்கல் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் என்னைவிடச் சின்னவர். மிக்ஸியைக் கவிழ்த்தார். அடியில் இருந்த சிவப்புப் பட்டனை ஒரு அமுக்கு. திருப்பி வைத்தார். ஓடியது.

“ஓவர்லோடுண்ணே. சூடானா அதுவா கட்டாயிரும். காசெல்லாம் வேணாம், கொண்டு போங்க.”

நாலு கிலோமீட்டர் மிதித்ததற்கு அந்த ஒரு அமுக்கு. வெட்கத்தில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மின்சாரத்தில் ஓடும் எதை வாங்குவதானாலும் முதலில் அவரிடம் போவேன், பிறகுதான் கடைக்கு. ஷோரூம்காரர் எனக்குச் சொல்வது புதுப் பொருளின் முதல் நாள். இவர் பார்ப்பது அதன் ஏழாவது வருடம். அவருடைய பரணில் பழைய சுமீத் ஒன்று இருந்தது. வீட்டிலிருந்த ஜெர்மன் மிக்ஸி நம் ஊர் அரைப்புக்குத் தாங்கவில்லை என்று மும்பையில் மாத்தூர் என்ற பொறியாளர் 1960களில் செய்த ரகம். அதை விற்கவே மாட்டார். “இதுக்குள்ள எல்லாமே ஸ்க்ரூண்ணே, கழட்டலாம். இப்ப வர்றதுல பாதி ஒட்டு” என்பார்.

ஒரு நாள் வெகுளியாகக் கேட்டேன்: “உங்க கடைக்கு வராத மிக்ஸி எதுன்னு சொல்லுங்க, அத வாங்கிர்றேன்.”

“வராதது ரெண்டு வகைண்ணே. ஒண்ணு கெடாதது. இன்னொண்ணு கெட்டதும் நேரா குப்பைக்குப் போனது. ரெண்டும் எனக்குத் தெரியாது. வந்து, சரியாகி, திரும்பிப் போகுது பாருங்க, அத வாங்குங்க.” கையில் உடைந்த கப்ளர் ஒன்று. “இது ஒடஞ்சா கம்பெனிக்காரன வையாதீங்க. ஜார் சிக்கிக்கிட்டா மோட்டாருக்குப் பதிலா இது உசுர விடுது. முப்பது ரூவா. எந்தத் தெருவுல கேட்டாலும் கிடைக்குதா, அம்புட்டுத்தான்.”

2011இல் அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் அவர் கடையில் கொஞ்ச காலம் வரிசை கட்டி நின்றன. எந்தப் பெட்டி எந்தத் தெருவுடையது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது கடையின் முன்பக்கம் மொபைல் கவர் தொங்குகிறது. மிக்ஸி பின்பக்கம், அதுவும் சாயங்காலம் மட்டும்.

போன் அதிர்ந்தது. படம். குக்கர் கவிழ்ந்து கிடக்கிறது, பளபளவென்று. அடியின் நட்டநடுவில் வெள்ளை ஸ்டிக்கர்: கிழித்த விலை, கிழிக்காத விலை, பட்டைக் கோடு. அதன் ஓரத்தில் ஏதோ எழுத்தின் கால் மட்டும் தெரிகிறது. கூப்பிட்டேன்.

“காஸ்கெட்டும் வெயிட்டும் அந்த ஊர்ல எங்க கிடைக்கும்னு கேட்டியா?”

“கேட்டேம்ப்பா. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை இருக்காம். பக்கத்துல வாங்க வந்த அக்கா சொன்னாங்க. கடைக்காரங்களுக்குத் தெரியல.”

அடுத்த படம் வந்தது. ஸ்டிக்கர் பாதி உரிந்திருக்கிறது. உரித்தது யார் என்று தெரியவில்லை, ஓரத்தில் பேரனின் ஈர விரல்கள் நாலு. ஐ.எஸ். 2347 முழுசாகத் தெரிந்தது. அதற்குக் கீழே சி.எம்./எல்., பிறகு சில இலக்கங்கள், மிச்சம் பசைக்கு அடியில். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினேன்: ‘இன்னும் கொஞ்சம் பிரி.’