விழித்திருக்கும் சிறுகணினி

சென்ற ஐப்பசி மழையிரவில் எங்கள் துறையின் வழங்கி அணைந்தது. மின்சாரம் திரும்பியும் எழவில்லை. 9 ஆண்டுகள் ஊரூராய் அலைந்து பதிவுசெய்த ஒப்பாரிகள் அதில் மட்டுமே இருந்தன. பாடிய பாட்டிமாருள் பலர் இன்றில்லை.

வழங்கிக்குள் மேலாண்மைச் செயலி என்றொரு சிறுகணினி உண்டு. வழங்கி அணைந்தாலும், மின்னிணைப்பு உள்ளவரை அது விழித்திருக்கும். தனக்கென ஐபி முகவரியும் கொண்டது. வீட்டிலிருந்தபடியே அதன்வழி வழங்கியை எழுப்பலாம். நாங்களோ முகவரியை டிஎச்சிபி பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தோம். அன்றிரவு அது வேறு முகவரிக்குக் குடிபெயர்ந்திருந்தது. விடியும்வரை தேடினோம்.

காலையில் நேரில் சென்று பொத்தானை அழுத்த, வழங்கி எழுந்தது. பாடல்கள் பிழைத்திருந்தன. உடனே ஐபிஎம்ஐடூல் வழியாக 192.168.10.25 என நிலைமுகவரி இட்டோம். அந்த அறையில் பதில் வந்தது. வேறு வலைப்பிரிவிலுள்ள எங்கள் துறையிலிருந்து வரவில்லை. அரைநாள் கம்பியைப் பழித்தபின்தான் கண்டோம்: கேட்வே முகவரியின் இறுதியில் 1-க்குப் பதிலாக 11. ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பவர்கள் நாங்கள்!

தொழிற்சாலை இட்ட கடவுச்சொல்லையும் மாற்றினோம். அதை அறிந்தவர் எவரும் வழங்கியை அணைத்துவிடலாம்.

மாலையில் துறையிலிருந்தே அணைத்து எழுப்பிப் பார்த்தோம். எழுந்தது. மறுபிரதிக்கு வட்டு கேட்ட விண்ணப்பம் மட்டும் இன்னும் அலுவலக மேசையில் உறங்குகிறது.