பழைய மாவு

மார்கழி பிறந்துவிட்டால் கான்சாபுரத்துத் தாய்மாருக்குக் கவலை ஒன்று கூடிவிடுகிறது. மேற்கு மலையிலிருந்து இறங்கும் குளிரில் இட்லி மாவு பொங்குவதில்லை. சித்திரையில் இரவு கரைத்து வைத்தால் விடியுமுன் பாத்திரத்தை விட்டு வழிகிற அதே மாவு, மார்கழியில் வைத்தது வைத்தபடியே கிடக்கும். அதற்கு அவர்கள் கைக்கொள்ளும் வழிகள் பல. அடுப்படி ஓரம் நகர்த்துவோர் உண்டு; சாக்கைச் சுற்றி வைப்போர் உண்டு; வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை இறக்கி வைப்போரும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் மறவாமல் செய்வது ஒன்று: முந்திய மாவில் ஒரு கரண்டியை மிச்சம் பிடித்துப் புதிய மாவில் கலந்துவிடுவது.

புளிப்பு மாவைப் பற்றிய ஆண்டவரின் உவமையைக் குருமடத்தில் பல நாள் படித்தோம். மூன்று மரக்கால் என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 40 லிட்டர் மாவு, ஓர் ஊருக்கே விருந்து வைக்கலாம் என்றெல்லாம் குறித்துக்கொண்டோம். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் புளிப்பு எங்கிருந்து வந்தது என்று எவரும் வினவவில்லை. ஈஸ்ட் பொட்டலத்தில் விற்ற காலமல்ல அது. நேற்றைய மாவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். நேற்றையதற்கு முந்தைய நாள் மாவிலிருந்து.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எமது பங்கு இளைஞர் ஒருவர் ஊர் திரும்பியிருந்தார். கர்நாடகத்தில் ஒரு மது ஆலையில் வேலை. அதைச் சொல்லவே கூசினார். "பீர் கம்பெனி, சாமி" என்று குரலைத் தாழ்த்தினார். குடியால் சீரழிந்த குடும்பங்களை வாரந்தோறும் சந்திக்கிற எமக்கும் அச்சொல் இனிக்கவில்லை. எனினும் தொழிலைப் பற்றி அவர் பேசத் தொடங்கியபின் எழுந்து போக மனம் வரவில்லை.

லாகர் என்னும் பீர் வகைக்கான ஈஸ்ட் குளிரில் வேலை செய்வது. சுமார் 10 பாகை வெப்பத்தில் நிதானமாகப் புளிக்கவைத்து, வேலை முடிந்ததும் தொட்டியின் அடியில் படிந்துவிடும். அந்தப் படிவை எடுத்து அடுத்த தொட்டிக்கு இடுகிறார்கள். ஆனால் அப்படியே அள்ளுவதில்லை. முதலில் படிந்த அடி அடுக்கில் கசடும் இறந்த அணுக்களும் மிகுதி. மேலடுக்கும் அவ்வளவு நன்றன்று. நடு அடுக்கே தேர்ந்தெடுக்கத் தக்கது. அதிலும் சிறிது எடுத்துச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்களாம். இறந்தவை நீலமாகும், உயிருள்ளவை நிறமேற்கா. இவ்வாறு சில முறை, மிஞ்சினால் பத்து முறை வரை பயன்படுத்தியபின் பழையதை விட்டு, ஆய்வுக்கூடத்தில் தூய்மையாகக் காத்த வித்திலிருந்து மீண்டும் தொடங்குவர். "எவ்வளவு நல்ல ஈஸ்ட்டானாலும் போகப் போகக் காட்டு ஈஸ்ட் கலந்திடும், சாமி" என்றார்.

இந்தத் தூய வித்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1845இல் யாக்கப்சன் என்னும் டென்மார்க்கு நாட்டவர் ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து ஈஸ்ட்டைக் குவளைகளில் எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தபடி கோப்பன்ஹேகன் வரை குதிரை வண்டியில் கொண்டுசேர்த்தாராம். அவர் நிறுவிய கார்ல்ஸ்பெர்க் ஆலையில் பின்னாளில் பீர் கெட்டது. வேண்டாத ஈஸ்ட் கலந்ததே காரணம் எனக் கண்ட ஹான்சன் என்னும் அறிஞர், 1883இல் ஒரே ஓர் அணுவைப் பிரித்தெடுத்து அதிலிருந்து முழு வித்தையும் வளர்த்தார். அவ்வித்தைப் பூட்டி வைத்துக்கொள்ளாமல் பிற ஆலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தனர். வணிகர்கள் அப்படிச் செய்தது எமக்கு வியப்பாகவே இருக்கிறது.

(இட்லி மாவின் சங்கதி சற்று வேறு. அங்கே பொங்கச் செய்வது பெரிதும் உளுந்தோடு வருகிற பாக்டீரியா என்பது அறிவியலார் முடிவு. பழைய மாவின் வேலை என்னவோ ஒன்றுதான்.)

திருமறையில் இப்பழைய மாவுக்கு இரண்டு முகங்கள். பாஸ்காவின்போது இஸ்ரயேலர் வீட்டிலிருந்த புளிப்பையெல்லாம் அகற்றினர். ஆண்டுக்கொருமுறை தொடர்ச்சி அறுபட்டு, எல்லாம் புதிதாகத் தொடங்கியது. கொரிந்தியருக்கு எழுதும் பவுலடியாரும் பழைய புளிப்பை எடுத்தெறியச் சொல்கிறார். நம் இலத்தீன் திருச்சபையில் புளிப்பற்ற அப்பமே பலிபீடத்திற்கு ஏறுகிறது. ஆனால் அசீரியக் கீழைத் திருச்சபையில் 'மல்கா' என்றொரு திருப்புளிப்பு உண்டு. இராவுணவின் அப்பத்திலிருந்தே திருத்தூதர் வழியாக வந்தது என்பது அவர்களது மரபு. ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று எஞ்சியிருப்பதோடு புது மாவும் உப்பும் கலந்து புதுப்பிக்கின்றனர். ஒருவர் அகற்றுகிறார், மற்றொருவர் காக்கிறார்.

இவர்களில் யார் பக்கம் நிற்பது? பாட்டியின் செபமாலையும், தவக்கால ஒறுத்தலும், விடியற்காலைத் திருப்பலிக்கு நடந்த கால்களும் இல்லையேல் எம் மக்களிடம் விசுவாசம் இருந்திராது. அதே பானையில்தான் சாதியும் இருந்தது. கோவிலில் தனி இடம், கல்லறையில் தனிச் சுவர் என்று தமிழகத் திருச்சபை கண்ட அவமானங்களைப் புறச் சமயத்தார் வந்து நுழைத்துவிட்டுப் போகவில்லை. பக்தியை ஊட்டிய அதே கைகள் அதையும் ஊட்டின. நடு அடுக்கை மட்டும் எடுக்க அந்த இளைஞருக்குத் தெரிகிறது. எமக்குத் தெரிகிறதா என்பதே எம் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி.

எமது கிளைக் கிராமம் ஒன்றில் மேலத்தெரு அன்பியம் எட்டு மாதமாகக் கூடவில்லை. கலைத்துவிட்டுப் புதிய பெயரில் தொடங்கலாம் என்றார் ஒருவர். பொறுப்பாளரை மாற்றலாம் என்றார் இன்னொருவர். நாமோ அந்த இளைஞரிடம், தொட்டியில் புளிப்பு பாதியில் நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று வினவினோம். அவர் விரல் மடக்கவில்லை. யோசித்து யோசித்துத்தான் சொன்னார். முதலில் அளந்து பார்க்க வேண்டும். சில வேளை வேலை முடிந்தே போயிருக்கும், நாம்தான் நின்றுவிட்டதாக நினைப்போம். நிற்பது உறுதியானால் வெப்பத்தை இரண்டு மூன்று பாகை மெல்ல உயர்த்தி, அடியில் உறங்குவதைக் கலக்கிவிட வேண்டும். காற்றை அடிக்கக் கூடாது. தொடக்கத்தில் ஈஸ்ட் வளரக் காற்று தேவை, பிறகு அதுவே பீரைக் கெடுக்கும். அப்படியும் அசையாவிட்டால் புதிய ஈஸ்ட்டை வெறுமனே கொட்டிப் பயனில்லை. பாதி மதுவான அந்நீரில் அது சோர்ந்துவிடும். பக்கத்துத் தொட்டியில் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருப்பதை அப்படியே கொண்டுவந்து கலக்க வேண்டும்.

கீழத்தெரு அன்பியம் வாரந்தவறாமல் கூடுகிறது. இரு தெருவாரும் ஒரே கோவிலில் நன்மை வாங்குகிறவர்கள். ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடித்ததில்லை. நான்கு வாரம் இரண்டும் சேர்ந்தே கூடட்டும் என்று அறிவித்தோம். முதல் வாரம் கோவில் முற்றத்தில் கூடியது. மேலத்தெருவிலிருந்து மூவர் வந்தனர். இரண்டாம் வாரம் மேலத்தெருவில், கணவரை இழந்த ஒரு தாயின் வீட்டில். உறவினர் தடுத்தும் அவர் கேட்கவில்லை. கீழத்தெருவார் பதினொருவர் உள்ளே சென்று அமர்ந்தனர். தேநீர் வந்தது, எல்லாருக்கும் ஒரே வகைக் குவளை. இருவர் வேண்டாமென்று எழுந்து போய்விட்டனர்.

இந்த வாரம் கீழத்தெருவில். மேலத்தெருவிலிருந்து எத்தனை பேர் வருவார்கள், பாய் எத்தனை விரிக்கவேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.